ஒன்பது கிலோவும் நாலு லீற்றர் தண்ணீரும்

"நடந்து வந்தது காணாதெண்டோ இன்னும் நடக்கப் போறாய்?"

அண்ணை இதைத் தொலைபேசியில் கேட்டபோது நான் கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில், என் வீட்டுக் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியை வைத்துவிட்டு, "ஓம் அண்ணை, காணாது" என்றேன். அவர் எதிர்பார்த்த பதில் அதுவல்ல. லண்டனின் மற்றப் பக்கம், ஸ்ட்ரெதமிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. "உனக்கு விசர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். மார்ச் மாதம் மொரோக்கோவின் தெற்கில், சகாராவின் விளிம்பில் நிற்கும் மொட்டை மலைகளில் நாலு பகல் மூன்று இரவு நடக்கப் போகிறேன் என்று வீட்டாருக்கு அறிவித்திருந்தேன். கழுதை இல்லை, வாகனம் இல்லை. கூடாரம், படுக்கை, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் அவரவர் முதுகில். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. சீனி வருத்தம், நீரிழிவு, இருக்கிறது. கணவர் மோசம்போய் ஏழு வருஷம். மகளுக்கு லீட்ஸில் வேலை. இந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். எல்லாத் தீர்ப்பும் ஒன்றுதான்: போகக்கூடாது.

நான் நடக்கத் தொடங்கியதே அந்தச் சீனியால்தான். டொக்டர் மருந்தோடு சேர்த்து ஒரு நடைக் குழுவின் விபரத்தையும் எழுதித் தந்தார். ஞாயிறு காலை, குட்மேய்ஸ் பூங்கா வாசல். முதல் நாள் போனபோது, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து இடியப்பம் அவிக்கலாம் என்று நினைத்தேன். நாலு வருஷமாகிவிட்டது. குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை, யோர்க்‌ஷயர்க்காரி, எழுபதுக்குக் கிட்ட வயது. நான் அவரை 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுவேன். முதலில் சிரித்தார், பிறகு மற்றவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். அந்த மலைகளில் இரண்டு தரம் நடந்தவர் அவர். போன புரட்டாதியில் ஒருநாள், "கால் இருக்கும்போதே இன்னொரு தரம் போகவேண்டும், யார் வருகிறீர்கள்?" என்று கேட்டார். ஒரு நேர்ஸ், ஒரு பஸ் சாரதி, ஒரு கணவன் மனைவி கையைத் தூக்கினார்கள். என் கையும் மேலே நின்றது. நான்தான் தூக்கினேன், வேறு யாரும் தூக்கிவிடவில்லை.

அதன் பிறகு மாதம் இரண்டு தரம் ரீச்சர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்துக்கொண்டு இருந்தோம். பாலைவன மலையில் திட்டம் போடுவது என்றால் தண்ணீரைத் திட்டம் போடுவதுதான். முதல் நாள் முடிவில் ஒரு கிணறு. மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு கிராமம். இடையில் ஒன்றுமில்லை. வரைபடத்தில் நீலக் கோடுகள் ஓடின, ஆனால் அவை எல்லாம் மழை பெய்தால் மட்டும் ஆறு என்று ரீச்சர் சொன்னார். கிணற்றடியில் ஆளுக்கு நாலு லீற்றர் நிரப்பிக்கொண்டு கிளம்பினால், கணக்காக நடந்தால், கிராமம்வரை போதும். பிந்தினால் போதாது. இரவில் உறைகுளிர், பகலில் நிழல் இல்லை. இதையெல்லாம் கேட்கக் கேட்க எனக்கு ஆசை கூடியதே தவிரக் குறையவில்லை.

அண்ணைக்கு நடை என்றால் என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் வரும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்பு நானும் அண்ணையும் இன்னும் ஒன்பது பேருமாகக் கிழக்கு ஐரோப்பாவின் ஓர் எல்லைக் காட்டை நடந்து கடந்தோம். கார்த்திகை மாதம், காடு முழுக்கச் சேறும் ஈரச் சருகும். காசு வாங்கி அகதிகளை எல்லை கடத்தும் ஏஜென்சிக்காரன் பிடித்துவிட்ட உள்ளூர் ஆள் ஒருவன் முன்னால் போனான். அவனுக்கு ரஷ்ய மொழிதான் தெரியும். அண்ணை மொஸ்கோவில் எட்டு மாதம் அடைபட்டுக் கிடந்ததில் கொஞ்சம் ரஷ்ய மொழி பிடித்திருந்தார். அவன் சொல்வதை அண்ணைதான் எங்களுக்குத் தமிழில் சொல்லுவார். இரண்டாம் நாள் அவன் நின்று ஏதோ கத்தினான். அண்ணை என்னிடம் வந்து, "பையை எறியட்டாம்" என்றார்.

எறிந்தேன். அதற்குள் இரண்டு சட்டை, ஒரு சுவெற்றர், பிளாஸ்ரிக் உறைக்குள் என் ஏ.எல். பரீட்சைச் சான்றிதழ். வணிகப் பிரிவில் இரண்டு ஏ, ஒரு பி. பிறகு ஜெர்மனியில் மீன் பொதி செய்யும் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம் நின்றேன். படித்தவள் என்று சொல்லக் காட்டுவதற்கு ஒரு கடதாசி இருக்கவில்லை. பிரதி எடுக்க எழுதிப் போட்ட கடிதங்கள் யுத்தத்துக்குள் எங்கேயோ போயின. காட்டுக்கு மறுபக்கம் வந்து சேர்ந்தபோது ஒன்றிரண்டு பேர் முதுகில் பை இருந்ததைப் பார்த்து, சொன்னதைக் கேட்ட மோடு நான் ஒருத்திதான் என்று என்னையே திட்டினேன். அந்த வழிகாட்டியை இன்றைக்கும் திட்டுவேன்.

ஆகவே எனக்கு வேண்டியது இவ்வளவுதான். ஒரு பையை முதுகில் போட்டுக்கொண்டு ஒரு மலைக்குள் போய், அதே பையோடு மறுபக்கம் வெளியே வரவேண்டும். யாரும் துரத்தக்கூடாது, யாரும் எறி என்று சொல்லக்கூடாது. இதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணீர் விடுவார்கள், கண்ணீர் விட்டவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவேண்டும்.

குடும்பக் குழுவில் செய்திகள் குவிந்தன. அண்ணையின் மனைவி, என் மச்சாள், ஒரு நிமிஷம் நீளமான குரல் பதிவு அனுப்பினார். "மலை பாக்க ஆசையெண்டால் சுவிஸுக்குப் போகலாம்தானே. கேபிள் காரிலை ஏறி இருந்தால் அது தன்பாட்டிலை கொண்டுபோய் விடும்." வால்தம்ஸ்டோவில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் நேரே கடைக்கே வந்துவிட்டார். நான் குட்மேய்ஸில் ஒரு கடையின் பின்மூலையில் தபால் கவுண்டரில் வேலை செய்கிறேன். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் கேட்டார்.

"மொரோக்கோவிலை எங்கடை ஆக்கள் இருக்கினமோ?"

"இல்லை."

"கோயில்?"

"இல்லை."

"அப்ப என்னத்துக்கு அங்கை போறாய்?"

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. எங்களுக்குப் பயணம் என்றால் கனடாவில் கலியாணம், பாரிஸில் செத்தவீடு, ஊரில் திருவிழா. போய் இறங்கினால் ஒரு சொந்தக்காரர் வாகனத்தோடு நிற்கவேண்டும். ஒருவருமே நிற்காத இடத்துக்கு ஒரு மனுஷி ஏன் போகவேண்டும்? "ஒருத்தரும் இல்லையெண்டதுக்குத்தான் போறன்" என்றேன். பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் தன் பார்சலைத் தராசில் வைக்கும்வரை அவர் நகரவில்லை. மகளோ லீட்ஸிலிருந்து அரைமணி நேரம் ஆங்கிலத்தில் சீனியைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் பேசிவிட்டு, கடைசியில் "ப்ளீஸ் அம்மா" என்றாள். நீ விமானத்திலிருந்து குதித்தபோது எனக்குக் குதித்த பிறகுதானே சொன்னாய் என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். அதோடு அவள் கட்சி மாறினாள்.

இப்படி எல்லாரோடும் முட்டிக்கொண்டு நின்றவள் பை கட்டும்போது செய்த வேலையை இப்போது சொல்லவேண்டும். ரீச்சர் அனுப்பிய செய்தியில், கொண்டுவரவேண்டிய சாமான்களின் பட்டியலுக்குக் கீழே, விமானத்தில் ஆளுக்கு இருபது கிலோ விடுவார்கள் என்று ஒரு வரி இருந்தது. பட்டியலை நான் மேலோட்டமாகப் பார்த்தேன். இருபது கிலோ என்ற வரி மட்டும் நெஞ்சில் பதிந்துவிட்டது.

எங்கள் வீடுகளில் எது இல்லாவிட்டாலும் பெட்டி நிறுக்கும் கொளுக்கித் தராசு ஒன்று இருக்கும். கொழும்புக்கு முப்பது கிலோ விடுகிறார்கள் என்றால் முப்பது கிலோ கட்டுவோம். இருபத்தொன்பதரை வந்தால் அரைக் கிலோ வீண் என்று வீடே துடிக்கும், யாராவது ஓடிப்போய் ஒரு சவர்க்காரக் கட்டியாவது கொண்டுவந்து செருகுவார்கள். குறைவாகக் கட்டிக்கொண்டு போனவரை நான் இதுவரை கண்டதில்லை. ஆகவே முதுகுப் பையையும் அப்படியே கட்டினேன். பட்டியலில் இருந்ததெல்லாம் வைத்த பிறகும் தராசு ஒன்பதேகால்தான் காட்டியது. இன்னும் பத்தேமுக்கால் கிலோ இடம் கிடக்கிறது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மீன் ரின் ஆறு. எள்ளுருண்டை ஒரு டப்பா, ஆறு பேருக்கும். மிக்சர். அரிசி மா இரண்டு கிலோ, அவசரத்துக்கு ரொட்டி சுடலாம். நல்லெண்ணெய் ஒரு போத்தல். வறுத்த மிளகாய்த்தூள். இரண்டு துவாய், ஒரு போர்வை, குளியலறைக்கு ஒரு செருப்பு. எங்கே குளியலறை என்று நான் யோசிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சேலை, கசங்காத வகை. அந்த 'எதற்கும்' என்ன என்று எனக்கே தெரியாது. கடைசியில் தராசு பத்தொன்பது தசம் எட்டு காட்டியது. வேலையிடத்தில் ஒரு பார்சலைக் கையில் தூக்கியவுடனேயே இது இரண்டு கிலோவுக்கு மேல் என்று சொல்லிவிடும் நான், அதை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோடு சாய்த்துவிட்டு, திருப்தியோடு படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். மச்சாள் மட்டும் ஒரு பெருவிரல் அனுப்பினார். பை கட்டிய விதம் அவருக்குப் பிடித்திருந்தது.

மாசி மாதத்தின் முதல் ஞாயிறு, பையோடு பழகும் நடை. ஹெய்னோல்ட் காட்டில் மேட்டில் ஏறி இறங்கும் ஒற்றையடிப் பாதையை நாலு சுற்றுச் சுற்றவேண்டும். வாகனம் நிறுத்துமிடத்தில் பையை முதுகில் ஏற்றவே நேர்ஸும் பஸ் சாரதியும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்கவேண்டி வந்தது. பஸ் சாரதி, "உள்ளே யாரையாவது கூட்டி வருகிறீர்களா?" என்று கேட்டார். சிரித்தேன். முதல் சுற்றில் அவர்களுடைய முதுகு தெரிந்தது. இரண்டாம் சுற்றில் குரல் மட்டும் கேட்டது. மூன்றாம் சுற்றில் மேட்டின் பாதியில் கால் வழுக்கிச் சேற்றில் விழுந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. முதுகில் பையோடு, கவிழ்ந்த ஆமை மாதிரி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர்கள் திரும்பி வந்து தூக்க இருபது நிமிஷம் ஆகியது.

ரீச்சர் பையை நிறுத்துப் பார்த்தார். சேலையை வெளியே எடுத்து, மடித்து மறுபடி உள்ளே வைத்தார். அவர் சிரித்திருந்தால் பரவாயில்லை. "தண்ணீர் இல்லாமல் ஒன்பது கிலோ" என்றார். "நாலு லீற்றர் தண்ணீர் அதன்மேல் வரும். தண்ணீரைக் குறைக்க முடியாது, ஆகவே மற்றதெல்லாம் குறையவேண்டும். அடுத்த ஞாயிறு ஒன்பது கிலோவோடும் தண்ணீரோடும் வாருங்கள். உங்கள் உண்மையான வேகம் என்ன என்று அன்றைக்குப் பார்க்கிறேன். பொழுதுபடமுன் கூடாரம் போட முடியாத வேகம் என்றால் உங்களைக் கூட்டிப் போகமாட்டேன். மன்னிக்க வேண்டும்."

வீட்டுக்கு வந்து பையை முன்னறை நடுவில் வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுபடி ஒருத்தி எனக்கு எறி என்று சொல்கிறாள். அதுவும் இவ்வளவு மரியாதையாக. மூன்று நாள் பையைத் திறக்கவில்லை. ரீச்சரின் செய்திகளுக்குப் பதில் போடவில்லை. போகாமல் விட்டுவிடலாம், அண்ணைக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுகூட ஒருதரம் நினைத்தேன். நினைத்தவுடனேயே அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்கக்கூடாது என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது அண்ணையின் வான் வாசலில் நின்றது. அவர் மின்சார வேலை செய்பவர். ஸ்ட்ரெதமிலிருந்து ஒரு வேலை நாளில் லண்டனைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் சும்மா வரவில்லை. உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, கதிரையில் இராமல் பையைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"உன்ரை மகள் சொன்னவள். காட்டுக்கை விழுந்தியாமே?"

"வழுக்கினது."

"பின்னுக்கு விட்டிட்டுப் போட்டினமாம்."

"திரும்பி வந்து தூக்கினவை. அதையும் அவள் சொன்னவளோ?"

"பாலைவனத்திலை திரும்பி வரமாட்டினம். நீ போகக்கூடாது. நான் சொல்லுறன், போகக்கூடாது."

"நீங்கள் சொன்னால் நான் நிக்கவேணுமோ? எனக்கு ஐம்பத்து மூண்டு வயசு."

"உன்னாலை ஏலாது, பிள்ளை. அண்டைக்கும் ஏலேல்லை."

கடைசியில் சொன்னதை அவர் சொல்ல நினைத்து வரவில்லை. முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. எண்டைக்கு ஏலேல்லை, என்ன ஏலேல்லை என்று கேட்டேன். அவர் கதிரையில் இருந்தார். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு, பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தாள் பையை எறியச் சொல்லேல்லை. நான்தான் சொன்னனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, அந்தாள் கத்தினானே, நான் கேட்டேனே என்றேன்.

"கத்தினவன்தான். பின்னுக்கு விழுகிற ஆக்களுக்கு நிக்கமாட்டன், நடக்கிறவை நடவுங்கோ எண்டு கத்தினவன். நீ அண்டைக்கு விடியத்திலையிருந்து பின்னுக்கு விழுந்து விழுந்துதான் வந்தாய். எனக்கு வேற வழி தெரியேல்லை."

"ஒருத்தரையும் விட்டிட்டுப் போகேல்லைத்தானே."

அண்ணை பையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். வவுனியாவிலிருந்து வந்த ஒரு தாயும் மகளும் எங்களோடு இருந்தார்கள். தாய்க்கு மூச்சிழுப்பு. இரண்டாம் நாள் பிற்பகலுக்குப் பிறகு அவர்களைக் காணவில்லை. அவர்களை வேறு பாதையால் வாகனத்தில் ஏற்றிவிட்டதாக அண்ணை சொன்னார். நான் நம்பினேன். அந்தத் தாய்க்கு வாகனம் கிடைத்தது நல்லது என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது.

"வாகனம் இருக்கேல்லை" என்றார் அண்ணை. "பதினொரு பேர் போய் ஒன்பது பேர் வந்தம். பிறகு நான் எத்தினையோ இடத்திலை விசாரிச்சுப் பாத்தனான். ஒரு தகவலும் இல்லை."

அன்றைக்குத்தான் என் வாழ்க்கையில் முதல்தரம் அண்ணையை 'நீ' என்றேன். நீ என்னட்டைக் கேட்டிருக்கவேணும். விஷயத்தைச் சொல்லியிருக்கவேணும். அவை பின்னுக்கு நிண்டிட்டினம், உனக்கும் அதுதான் நடக்கும், பையை எறி எண்டு சொல்லியிருந்தால் நானே எறிஞ்சிருப்பன். முப்பத்தொரு வருஷம் அந்தாள் சொல்லாததுக்கு அந்தாளைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார். "விஷயம் தெரிஞ்சிருந்தால் நீ எறிஞ்சிருக்கமாட்டாய். அவைக்காகத் திரும்பிப் போயிருப்பாய்."

அது உண்மை. உண்மையாக இருந்தது இன்னும் கோபத்தைக் கூட்டியது. அவர் செய்தது சரி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவர் அந்த இரண்டு பேரையும் முப்பத்தொரு வருஷம் தனியாகச் சுமந்துகொண்டு, என்னை ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவில் நடக்கவும் விடாமல் தொலைபேசியில் நச்சரித்தது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. அழுதேன். அவரும் அழுதார். அதற்குப் பிறகு தேத்தண்ணி ஊற்றினேன்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்ததும் பையை நிலத்தில் கவிழ்த்துக் கொட்டினேன். அண்ணை மீன் ரின் ஒன்றை எடுத்துத் தள்ளி வைக்கக் கையை நீட்டினார். கையில் ஒன்று போட்டேன்.

"தொடாதேங்கோ. இந்த முறை நான்தான் எறியிறன். நீங்கள் பாத்துக்கொண்டிருங்கோ."

பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் சேலை போனது, பிறகு செருப்பு, துவாய், போர்வை. மிக்சரும் மிளகாய்த்தூளும் மாவும் போயின. எண்ணெய்ப் போத்தல் போனது. மீன் ரின் ஆறும் போயின, ஒன்றுக்காக மட்டும் கொஞ்சம் யோசித்தேன். எள்ளுருண்டையில் நாளுக்கு ஒன்று என்று நாலு வைத்தேன். சீனி இறங்கினால் தேவைப்படும் என்பது வெளியே சொல்லும் காரணம். கொளுக்கியில் தூக்கினால் ஒன்பது கிலோ முந்நூறு. பல்துலக்கியின் பிடியைப் பாதியாக முறித்தேன். சீப்பு போனது. மாற்றுச் சட்டை இரண்டில் ஒன்று போனது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது வேண்டாம் என்று நானே வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் வைத்தேன். ஒன்பது கிலோவுக்கு அறுபது கிராம் குறைய வந்து நின்றது. அந்த அறுபது கிராமுக்கு மிளகாய்த்தூள் கட்டினேன். எங்கள் ஆக்களின் இரத்தம் அது, இடம் விட்டு வைக்காது.

எழும்பும்போது அண்ணை, "ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார். தடுக்கவா வருகிறீர்கள் என்று கேட்டேன். "பாக்க வாறன்" என்றார்.

ஞாயிறு காலை ஹெய்னோல்டில் மெல்லிய மழை. அண்ணை வானுக்குள் இருந்தார், இறங்கவில்லை. ரீச்சர் பையை நிறுத்தார். மிளகாய்த்தூள் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்து, "இது அவசியமா?" என்று கேட்டார். "அது வராவிட்டால் நானும் வரமாட்டேன்" என்றேன். திருப்பி வைத்துவிட்டார். நாலு லீற்றர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம்.

முதல் சுற்றில் விழவில்லை, வழுக்கவில்லை, மூச்சும் ஒழுங்காக வந்தது. ஆனாலும் சுற்று முடியும்போது நான்தான் கடைசி. மற்றவர்களின் முதுகு இருநூறு அடி முன்னால் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குப் பாரத்தைச் சாட்டுச் சொல்ல முடியாது. என் வேகமே அவ்வளவுதான். ரீச்சர் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்தார். சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டேன். என்ன சொன்னாலும் அழுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

"இந்த வேகத்தில் ஒருநாள் தூரத்தை ஏழரை மணித்தியாலத்தில் நடக்கலாம்" என்றார். "மார்ச்சில் பதினொரு மணித்தியாலத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். போதும். ஆனால் நீங்கள் நடக்கும் இடம் பிழை. முன்னுக்கு வாருங்கள்."

விளங்காமல் நின்றேன்.

"ஒற்றையடிப் பாதையில் ஆகவும் மெதுவாக நடப்பவர் முதலாவதாக நடப்பார். மற்றவர்கள் அவருடைய வேகத்தில் வருவார்கள். நான் கடைசியில் வருவேன். மலையில் அதுதான் முறை." பஸ் சாரதி ஒதுங்கி வழிவிட்டார். நேர்ஸ் ஒதுங்கினார். கணவனும் மனைவியும் புல்லுக்குள் இறங்கி நின்றார்கள். நான் அவர்களைத் தாண்டி முன்னால் போய் நின்றேன். எனக்கு முன்னால் பாதை மட்டும் இருந்தது.

மூன்று சுற்று அப்படி நடந்தோம். நான் நின்றால் எல்லாரும் நின்றார்கள். நான் தண்ணீர் குடித்தால் அவர்களும் குடித்தார்கள். மேட்டில் என் மூச்சு வாங்கும்போது பின்னால் ஐந்து பேரின் சப்பாத்துச் சத்தமும் மெதுவாகியது. ஒருவரும் குறை சொல்லவில்லை. பஸ் சாரதி, "இந்த வேகத்தில்தான் மரங்களைப் பார்க்க முடிகிறது" என்றார். எனக்கு மரங்களைப் பார்க்க நேரமில்லை, வழி பார்த்துக்கொண்டு வந்தேன்.

காட்டிலிருந்து நான்தான் முதலில் வெளியே வந்தேன். அண்ணை வானை விட்டு இறங்கி மழையில் நின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டும் அவர் முகத்தில் மாற்றம் இல்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. என் தோளுக்கு மேலால் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்ஸ் வந்தார். பஸ் சாரதி வந்தார். கணவனும் மனைவியும் வந்தார்கள். கடைசியாக ரீச்சர் வந்து, தொப்பியைக் கழற்றித் தண்ணீரை உதறினார். அதற்குப் பிறகும் அண்ணை மரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் வந்திட்டினமோ?"

"ஓம் அண்ணை."

"ஒருத்தரும் நிக்கேல்லையோ?"

நான் அவருக்கு முன்னால் போய், அவர் என்னைப் பார்க்கும்படி நின்றேன்.

"ஏலாதவளை முன்னுக்கு விட்டு நடந்தால் ஒருத்தரும் பின்னுக்கு நிக்கமாட்டினம், அண்ணை."